பழைய தையல் இயந்திரங்களின் உறுப்புகளும் துணைக்கருவிகளும்

கழன்று தனியே கிடைக்கும் ஒரு பாபின், ஷட்டில், பாதம் அல்லது தகடு எந்த நிறுவனத்தின் எந்த வகைத் தையல் இயந்திரத்துக்கு உரியது, ஏறக்குறைய எப்போது செய்யப்பட்டது என்று கண்டறியும் வேலை, பழுதுபார்ப்பவர்களிடம் தொடங்கிப் பின்னர் சேகரிப்பாளர்களின் துறையாக வளர்ந்தது. இயந்திரத்தின் தலையில் பொன் எழுத்தில் மின்னும் பெயர் இதற்கு அவ்வளவாக உதவுவதில்லை. உறுப்பில் வெட்டிய எண், அதன் வடிவம், அது உட்காரும் இடத்தின் அளவு ஆகியவையே நம்பத்தக்க தடயங்கள். இவற்றுள் எண்ணின் பொருள் காலத்தோடு தலைகீழாக மாறியிருக்கிறது. தொடக்கத்தில் உறுப்பில் வெட்டிய எண் இயந்திரத்தைக் குறித்தது. பிற்காலத்தில் அது உறுப்பையே குறித்தது. இந்த மாற்றம் பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கையால் பொருத்திய காலம்

நுனியில் துளையுள்ள ஊசியையும் ஷட்டிலையும் சேர்த்துப் பூட்டுத்தையல் போடும் இயந்திரத்துக்கு எலியாஸ் ஹோவ் 1846இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஐசக் மெரிட் சிங்கர் 1851இல் பெற்றார். ஆலன் வில்சன் சுழலும் கொக்கியையும், துணியை நகர்த்தும் நான்கசைவுப் பல்லையும் உருவாக்கினார். ஒருவர்மேல் ஒருவர் தொடுத்த வழக்குகள் முற்றியபின், ஹோவும் மூன்று பெரிய நிறுவனங்களும் 1856இல் தத்தம் காப்புரிமைகளை ஒரே குவியலில் சேர்த்து, மற்றவர்களிடம் உரிமத்தொகை வசூலித்தனர். 1877 வரை நீடித்த இந்த ஏற்பாடு, இன்று உறுப்பைத் தேடுவோருக்கு ஒரு சிக்கலை விட்டுச்சென்றுள்ளது. பல நிறுவனங்களின் இயந்திரங்களில் ஒரே காப்புரிமைத் தேதிகள் காணப்படும். ஷட்டிலை மூடும் நகர்தகட்டில் வரிசையாகப் பொறித்த அந்தத் தேதிகளைப் பார்த்து, இயந்திரம் அந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று முடிவுகட்டுவது மிகப் பரவலான பிழை. அந்த ஆண்டுக்கு முன் அது செய்யப்பட்டிருக்க முடியாது என்பதற்கு மேல் அவை எதையும் சொல்வதில்லை.

உறுப்புகளைச் செய்த முறையும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டது. வில்காக்ஸ் அண்ட் கிப்ஸ் நிறுவனத்தின் சங்கிலித்தையல் இயந்திரங்களை ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரிலிருந்த பிரவுன் அண்ட் ஷார்ப் 1858 முதல் செய்தது. துப்பாக்கித் தொழிற்சாலைகளில் பழகிய முறைப்படி, ஒன்றின் உறுப்பு இன்னொன்றுக்குப் பொருந்துமாறு அளவுகோல் வைத்துக் கடைந்தார்கள். சிங்கர் தொழிற்சாலையில் நிலைமை வேறு. அங்கே உறுப்புகளை அரத்தால் ராவி, ஒன்றோடொன்று இழையவைத்து, பிறகு கழற்றிப் பதப்படுத்தி, மறுபடி பூட்டினார்கள். கலந்துபோகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் இயந்திரத்தின் தொடர் எண்ணை வெட்டினார்கள். 1880இல் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 லட்சம் இயந்திரங்களை விற்ற நிறுவனம் அதுவரை அரத்தை நம்பியே இருந்தது என்பது, முழுக்க முழுக்க எந்திரமயமான உற்பத்தியே அதன் வெற்றிக்குக் காரணம் என்ற பரவலான நம்பிக்கையோடு ஒத்துப்போகவில்லை. ஆகவே அக்கால உறுப்பொன்றில் எண்ணைக் கண்டால், அதை உறுப்பின் எண்ணாகக் கருதிப் பட்டியலில் தேடுவது வீண்வேலை. தலையில் உள்ள தொடர் எண்ணோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்தால் உறுப்பு அசல். ஒவ்வாவிட்டால் வேறொரு தலையிலிருந்து வந்தது, மறுபடி ராவாமல் சரியாக உட்காராமலும் போகலாம்.

ஷட்டிலும் பாபினும்

வகையைத் தீர்மானிக்க மிக விரைவான வழி, அடிநூல் எங்கே இருக்கிறது, எப்படி நகர்கிறது என்று பார்ப்பது. சிங்கர் 1865இல் கொண்டுவந்த நியூ ஃபேமிலி வகையில் படகு வடிவ ஷட்டில் குறுக்காக ஓடித் திரும்பும். அதன் மேல்பக்கம் திறந்திருக்கும்; நூலை அதன் சுவரிலுள்ள சிறு துளைகளின் வழியே கோத்து எடுப்பார்கள், எத்தனை துளைகளில் நுழைக்கிறோமோ அந்த அளவுக்கு இறுக்கம் கூடும். 1880களின் பிற்பாதியில் வந்து பின்னர் 27, 28 என எண்ணிடப்பட்ட வகைகளில் தோட்டா வடிவ ஷட்டில் ஒரு கையின் முனையில் அமர்ந்து வில்போல வளைந்த பாதையில் முன்னும் பின்னும் ஆடும். இதன் பாபின் நீண்டு மெலிந்தது, இரு முனையிலும் சிறு தட்டு இருக்கும். இறுக்கத்தைச் சரிசெய்ய ஷட்டிலின் பக்கத்தில் ஒரு தகட்டு வில்லும் நுண்ணிய திருகும் உண்டு. தனியே வாங்கும் ஷட்டிலில் முதலில் பார்க்க வேண்டியது இந்த வில்லின் அடியில் நூல் அறுத்த பள்ளம் இருக்கிறதா என்பதையும், முனை மழுங்கியிருக்கிறதா என்பதையும்தான். முனை மழுங்கிய ஷட்டில் ஊசியின் நூல் வளையத்தைப் பிடிக்காமல் தவறவிடும், தையல் விட்டுவிட்டு விழும்.

வட்டப் பாபின்களில்தான் குழப்பம் அதிகம். சிங்கரின் 15ஆம் வகைப் பாபினும் 66ஆம் வகைப் பாபினும் விட்டத்தில் ஏறக்குறைய 20 மி.மீ.; மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோலவே தோன்றும். 15இன் இரு தட்டுகளும் சமதளமானவை. 66இன் தட்டுகள் லேசாக வெளிப்பக்கம் புடைத்திருக்கும், உயரமும் சற்றுக் குறைவு. ஒன்றை மற்றதில் போட்டால் உள்ளே போய்விடும், சில அங்குலம் தைக்கவும் செய்யும், பிறகு அடிநூல் சிக்கும். அப்போது இயந்திரத்தில்தான் கோளாறு என்று நினைத்து இறுக்கத்தைத் திருகித் திருகிக் கெடுப்பவர்கள் பலர். 15இல் பாபின், தனி பாபின் கேஸுக்குள் நின்றவாக்கில் இருக்கும். 66இல் ஊசித்தகட்டுக்கு முன்னாலுள்ள நகர்தகட்டைத் திறந்து மேலிருந்து படுக்கவைக்கலாம். பாபின் கேஸிலிருந்து நீளும் விரலும் வகை சொல்லும். வாய்ப்பக்கம் நம்மைப் பார்க்கப் பிடித்தால் சிலவற்றில் அது கடிகாரத்தின் 11 மணிப் பக்கம் நிற்கும், சிலவற்றில் 1 மணிப் பக்கம். ஒன்றின் இடத்தில் மற்றொன்று பூட்டிக்கொள்ளாது.

எண்ணும் எழுத்தும்

சிங்கரின் தொடர் எண்களில் 1900க்கு முன் எழுத்து இல்லை. 1900 முதல் ஓர் எழுத்து முன்னால் வந்தது, 1920களில் இரண்டெழுத்துத் தொடர்கள் வந்தன. எஃப், ஒய் போன்றவை ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையைச் சேர்ந்தவை. அங்கேயே பின்னர் ‘இ’ என்று தொடங்கும் இரட்டை எழுத்துகள் வந்தன. ‘டபிள்யூ’ அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட்டைக் குறிக்கும். வகை எண்ணோடு ஒட்டி வரும் எழுத்து இதிலிருந்து வேறு. 15கே என்பதிலுள்ள ‘கே’, கிளைட்பேங்கில் 1885இல் திறந்த கில்போவி ஆலையின் முதலெழுத்து. கனடாவின் செயின்ட் ஜான்ஸுக்கு ‘ஜே’, இத்தாலியின் மோன்சாவுக்கு ‘எம்’.

வில்சனின் பெயர் தாங்கிய வீலர் அண்ட் வில்சன் நிறுவனத்தை சிங்கர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாங்கியது. பிரிட்ஜ்போர்ட்டிலிருந்த அதன் ஆலையில் அந்நிறுவனத்தின் 9ஆம் எண் இயந்திரத்தைத் தன் பெயரில் 9டபிள்யூ என்று தொடர்ந்து விற்றது. சிங்கர் என்று எழுதியிருக்கும், ஆனால் சிங்கர் ஊசியும் பாபினும் சேராது. தலையில் ஒட்டிய ஓவியங்களும் இதுபோலவே ஏமாற்றும். எகிப்திய ஸ்பிங்க்ஸ் ஓவியம் பல வகைகளில் ஒட்டப்பட்டது. ‘ஸ்பிங்க்ஸ் மாடல்’ என்று விலை பேசுவோர் எந்த வகை என்று சொல்லாமலே பேசுகிறார்கள்.

உறுப்பின் எண்ணுக்கு உரிய முத்திரை ‘சிமான்கோ’. சிங்கர் மேனுஃபேக்சரிங் கம்பெனி என்பதன் சுருக்கமான இது இருபதாம் நூற்றாண்டு உறுப்புகளில் எண்ணோடு வரும். 25527 துணி வழிகாட்டி, 36583 மடிப்புப் போடும் டக்கர், 36865 ஓரத்தையல் பாதம். உறுப்பில் துரு ஏறியிருந்தாலும் எண் தெரிந்தால் நிறுவனத்தின் பழைய பாகப்பட்டியல்களிலிருந்து ஆளைப் பிடித்துவிடலாம். ஸ்மித்சோனியன் நிறுவனம் 1968இல் வெளியிட்ட கிரேஸ் ரோஜர்ஸ் கூப்பரின் ஆய்வுநூலில் தொடர் எண் அட்டவணைகள் இடம்பெற்ற பிறகு, இவ்வகைத் தேடல் அருங்காட்சியகங்களுக்கு வெளியிலும் பரவியது.

துணைக்கருவிகள்

துணைக்கருவி எதுவாயினும், அது எந்தத் தண்டில் எப்படிப் பூட்டும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். வீட்டுச் சிங்கர்கள் பெரும்பாலும் பாதத்தைத் தண்டின் பக்கவாட்டில் திருகால் பிடிப்பவை, காம்பு குட்டை. அமெரிக்காவில் செய்த தொடக்ககால 66இல் பாதம் பின்பக்கமாகப் பிடிக்கும். ஒயிட், டொமெஸ்டிக் போன்றவற்றில் பிடிப்பு மேலே. இதனால் பெட்டி நிறைய அழகழகான பாதங்கள் கிடைத்தும் ஒன்றுகூடப் பூட்டாமல் போவது வழக்கம்.

துணைக்கருவிகளில் சிக்கலானது ரஃப்ளர். இதன் கவை ஊசியைப் பிடிக்கும் திருகின்மேல் அமரும். ஊசி ஏறி இறங்கும்போது கவை ஆட, உள்ளிருக்கும் பல்முனைத் தகடு துணியை முன்னே தள்ளிச் சுருக்கம் உண்டாக்கும். 1, 6, 12 என்று குறித்த நெம்புகோலை எந்தப் பள்ளத்தில் வைக்கிறோமோ அத்தனை தையலுக்கு ஒரு சுருக்கம் விழும். நட்சத்திரக் குறியில் வைத்தால் சுருக்கமே விழாது. கவையின் உயரமும் திறப்பும் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுவதால், பார்வைக்குச் சரியான ரஃப்ளர்கூட ஊசித்திருகைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கலாம். அண்டர்பிரெய்டர் இதற்கு நேர்மாறு, அதைத் துணைக்கருவி என்றே பலர் அறிவதில்லை. துணியின் அடியில் சரிகை நாடாவைச் செலுத்தும் குழல் பதித்த இது, நியூ ஃபேமிலியின் நகர்தகடு இருக்கும் இடத்திலேயே பொருந்தும். உபரித் தகடு என்று ஒதுக்கப்படுவது இதுதான்.

இவற்றை வைக்க 1889இல் காப்புரிமை பெற்ற மரப்பெட்டி ஒன்று உண்டு. மூடினால் செவ்வகக் கட்டை. திறந்தால் பக்கங்கள் மேசைமேல் விரிந்து விழும், உள்ளே ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிப் பள்ளமும் பிடியும். எது காணாமல்போனது என்பதை வெறுமையான பிடியின் வடிவமே சொல்லும். சேகரிப்பாளர்களுக்கு இந்தப் பெட்டியை விட நல்ல பட்டியல் கிடையாது. ஆனால் முழுப்பெட்டி கிடைப்பதற்காக வேறு பெட்டியின் பாதங்களை அடைத்து விற்பவர்களும் உண்டு, எனவே எண்களைச் சரிபார்க்காமல் வாங்கலாகாது. துணைக்கருவிகளைச் செய்தவர்களும் இயந்திர நிறுவனங்கள் மட்டுமல்ல. அயோவா மாநிலத்தின் ஒட்டம்வாவில் ஜான்ஸ்டன் ரஃப்ளர் நிறுவனமும் கனெக்டிகட்டின் நியூ ஹேவனில் கிரீஸ்ட் நிறுவனமும் பல இயந்திரப் பெயர்களுக்கும் செய்து கொடுத்தன. கிரீஸ்ட் முத்திரையைக் கண்டு கிரீஸ்ட் இயந்திரத்தைத் தேடிப் பயனில்லை.

ஒரே உறுப்பு, பல பெயர்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பானியத் தையல் இயந்திர உற்பத்தியாளர்கள் 15ஆம் வகையை அடிப்படையாக வைத்து உறுப்புகளை ஒரே அளவுக்குக் கொண்டுவந்தனர். பல ஆலைகளில் செய்த தலைகள், இறக்குமதியாளர் விரும்பிய பெயரோடு நூற்றுக்கணக்கான பெயர்களில் அமெரிக்காவில் விற்றன. அவற்றின் பிறப்பிடத்தைச் சொல்வது முகப்பிலுள்ள பெயர் அல்ல. தலையைச் சாய்த்தால் அடிப்பக்கம் தெரியும் ஜே-ஏ, ஜே-சி என்ற குறிகளும் எண்களும்தான்.

இலங்கையில் சிங்கர் 1877இலேயே கொழும்பில் கால்பதித்தது. கல்கத்தாவில் 1930களில் தொடங்கிய உஷா இயந்திரமும் 15ஆம் வகையைச் சேர்ந்தது. 15ஆம் வகை இப்படிப் பரவியதன் பயனை நம் ஊர்த் தையற்காரர்கள் நாள்தோறும் அனுபவிக்கிறார்கள். கருப்புத் தலை 15க்குப் பாபின், பாபின் கேஸ், ஷட்டில், பல், பாதம் எல்லாம் உதிரிபாகக் கடைகளில் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன, தாத்தா வாங்கிய 15கே மிஷினிலும் அவை பொருந்துகின்றன. அதே வீட்டில் படகு ஷட்டில் மிஷின் ஒன்று இருந்தால் அதற்கு இந்த வசதி இல்லை. நியூ ஃபேமிலியின் ஊசி 12x1 வகை. 15இன் 15x1 ஊசியிலிருந்து காம்பிலும் நீளத்திலும் வேறுபட்டது, எளிதில் கிடைப்பதில்லை. எனவே அத்தகைய மிஷினை வாங்குவோர் ஷட்டிலும் ஊசியும் உடன் வருகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.