கிருமி என்ற சாக்கு: யூஜின் ஸ்லெட்ஜின் போர் நினைவுகளில் இரண்டு காலம்

1944இல் பசிபிக் கடலின் பெலிலியூ தீவில், இருபது வயது அமெரிக்க மரைன் படைவீரன் ஒருவன் ஜப்பானியப் பிணம் ஒன்றின் தங்கப் பல்லைப் பெயர்க்கக் கத்தியை உருவிக் குனிகிறான். பின்னாலிருந்து ஒரு கை தோளைப் பற்றுகிறது. கம்பெனியின் மருத்துவ உதவியாளர். வேண்டாம் என்கிறார். ஏன்? கிருமி தொற்றிக்கொள்ளுமாம். அது தனக்குத் தோன்றவேயில்லையே என்று அவனும் விட்டுவிடுகிறான்.

அவன்தான் யூஜின் ஸ்லெட்ஜ். இதை 'வித் தி ஓல்டு பிரீட்' என்ற நூலாக அவர் வெளியிட்டது 1981இல். அதற்குள் அலபாமாவில் உயிரியல் பேராசிரியராகியிருந்தார். உதவியாளருக்குக் கிருமி ஒரு சாக்கு, தன் மனம் மரத்துப்போகாமல் காக்கவே அப்படிச் சொன்னார் என்பது பின்னாளில் யோசித்தபோதுதான் விளங்கியது என்கிறார். போர் அனுபவத்தைச் சொல்லும் புனைவல்லாத எழுத்தின் நம்பகம் இந்த இடைவெளியில் இருக்கிறது என்பது என் வாதம். நேரில் கண்டவர் என்ற தகுதி மட்டும் போதாது. கண்டபோது என்ன தெரிந்தது, பிறகு என்ன புரிந்தது என்ற இரண்டையும் கலந்துவிடாமல் வைக்கத் தெரியவேண்டும். அந்தக் கருணை களத்திலேயே புரிந்துவிட்டதாக ஸ்லெட்ஜ் எழுதியிருந்தால் காட்சி உருக்கமாக இருந்திருக்கும். அந்த இருபது வயதுக்காரன் காணாமல் போயிருப்பான்.

அவன் கண்டதுதான் எவ்வளவு? 60 மி.மீ. மோர்ட்டார் ஆள், குண்டு விழும் இடத்தைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. முன்னாலிருப்பவர் சொல்லும் தூரத்துக்குச் சுடுகிறான். ஆகவே நூலில் போர்த் தந்திரம் குறைவு, உடம்பு அதிகம். பெலிலியூ பவளப்பாறைத் தீவு. மண்வெட்டி இறங்காது. பதுங்குகுழி தோண்ட வழியில்லை, பிணத்தைப் புதைக்க வழியில்லை, மலத்தை மூடக்கூட மண் இல்லை. வெயில் 46 டிகிரி செல்சியஸை எட்டியது. எண்ணெய்ப் பீப்பாய்களைச் சரியாகக் கழுவாமல் நிரப்பி அனுப்பிய தண்ணீரைக் குடித்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். சில நாளில் முடியும் என்று தளபதி சொன்ன சண்டை இரண்டு மாதத்தைத் தாண்டியது. கலிங்கத்துப்பரணியில் களத்துப் பிணங்களோடு புழங்குவது பேய்களின் வேலை. கூழ் அட்டு உண்பதும் அவையே. ஸ்லெட்ஜின் களத்தில் அந்த வேலையை வாங்கிக்கொள்ளப் பேய்கள் இல்லை. பெலிலியூவுக்குப் பிறகு அவர் போரிட்ட ஒகினாவாவின் சேற்றுச் சரிவில் வழுக்கி விழுந்தவன் எழுந்து நிற்கும்போது அவன் சட்டைப்பையிலிருந்து புழுக்கள் உதிர்கின்றன.

வியட்நாம் போர் பற்றி மைக்கேல் ஹெர் எழுதிய 'டிஸ்பாட்சஸ்' (1977) மொழியளவில் இதைவிடப் பல படி மேல். ஆனால் அதில் வரும் சிலர் தாம் புனைந்தவர்கள் என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். இலக்கியமாக அதைக் கொண்டாடத் தடையில்லை. ஒரு வீரனுக்கு எப்போது என்ன தெரிந்திருந்தது என்பதற்குச் சான்றாக வைக்கத்தான் தயங்குவேன்.

ஸ்லெட்ஜிடமும் கேட்கவேண்டியது உண்டு. நாட்குறிப்பு எழுதத் தடை இருந்ததால், சட்டைப்பைக்குள் அடங்கும் புதிய ஏற்பாட்டுப் பிரதியில் குறிப்புகளை வைத்திருந்தார். அதில் தேதிகள் அடங்கும், மாண்டவர் கணக்கு அடங்கும். முப்பத்தேழு ஆண்டு கழித்து நூலில் வரும் உரையாடல்கள் அத்தனையும் அடங்கியிருக்குமா? அவற்றில் பலவும் நினைவிலிருந்து கட்டியெழுப்பியவை என்றே கொள்ளவேண்டும். ஆனால் கிருமி என்ற அந்தச் சொல் களத்தில் சொல்லப்பட்டதுதான் என்று நம்புகிறேன். புனைபவராக இருந்தால் இன்னும் அழகான காரணம் ஒன்றை உதவியாளர் வாயில் வைத்திருப்பார்.