நாட்செஸ் நகரில் எண்ணப்படாது போனவர்கள்

இயற்கை அனர்த்தம் பற்றிய செய்தியை எழுத அமரும் பத்திரிகையாளன் முதலில் தேடுவது இறந்தோர் தொகையையே. அத்தொகை எவ்வாறு உருவாகிறது என்பதை அறிய, அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள நாட்செஸ் நகரின் கதை உதவும்.

1840 இல் அந்நகரில் ஐயாயிரத்துக்கும் குறைவானோரே வாழ்ந்தனர். ஆற்றோரத்தில் படகுத்துறையும் மதுச்சாலைகளும், மேட்டிலே பருத்தித் தோட்ட முதலாளிகளின் மாளிகைகளும் இருந்தன. நகருக்குச் சற்று வெளியே அடிமைச் சந்தை நடைபெற்று வந்தது.

அவ்வாண்டு மே மாதம் 7 ஆம் திகதி நண்பகலளவில் தென்மேற்கே இடி முழங்கத் தொடங்கிற்று. பிற்பகல் 2 மணியளவில், பலர் மதிய உணவருந்திக் கொண்டிருந்த வேளையில் வானம் இருண்டது. இடிமுகிலில் பிறந்த டொர்னாடோ எனும் சுழல்காற்று, இரு கரை மரங்களையும் முறித்தவாறு ஆற்றின் வழியே வந்து படகுத்துறையைத் தாக்கியது. முன்னெச்சரிக்கைக்கு வழியேதும் இருக்கவில்லை. வாஷிங்டனுக்கும் போல்டிமோருக்கும் இடையே மோர்ஸின் தந்தி இயங்கத் தொடங்கியதே 1844 இல்தான்.

துறையில் கட்டப்பட்டிருந்தவற்றுள் பெரும்பாலானவை, நீரோட்டத்தை நம்பி நியூ ஓர்லியன்ஸ் நோக்கிச் சரக்கேற்றிச் செல்லும் இயந்திரமற்ற தட்டைப் படகுகள். அவை நொறுங்கி மூழ்கின. நீராவிக் கப்பல்களும் தப்பவில்லை. ஆற்றில் 269 பேர், நிலத்தில் 48 பேர் என மொத்தம் 317 பேர் மாண்டதாகக் கணக்கிடப்பட்டது. காயமடைந்தோர் 109 பேர் மட்டுமே. காயமடைந்தோரை விட இறந்தோர் அதிகமாயிருந்தமைக்குக் காரணம், படகுகளில் இருந்தோரை ஆறு விழுங்கியமையே.

695 பேரைப் பலிகொண்ட 1925 ஆம் ஆண்டுச் சுழல்காற்றுக்கு அடுத்தபடியாக, அமெரிக்க வரலாற்றில் அதிக உயிர்களைப் பறித்த சுழல்காற்று இதுவென்றே இன்றும் பதிவாகியுள்ளது.

ஆனால் 48 என்ற அந்தச் சிறிய எண்ணில் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. மறுகரையில், லூசியானாவில், பருத்தித் தோட்டங்கள் இருந்தன. அங்கு உழைத்தோர் அடிமைகள். அத்தோட்டங்களில் நூற்றுக்கணக்கான அடிமைகள் மாண்டதாக அக்காலப் பத்திரிகைச் செய்தியொன்று கூறிற்று. அவர்கள் 317 என்ற தொகையுள் அடங்கவில்லை என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து.

அதே 1840 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு, மிசிசிப்பி மாநிலத்தின் 375,651 பேருள் 195,211 பேர் அடிமைகள் எனத் துல்லியமாகப் பதிந்துள்ளது. காங்கிரசில் மாநிலத்துக்குரிய ஆசனங்களைக் கணக்கிட, அடிமைகள் ஐவர் மூவராகக் கொள்ளப்பட்டனர். ஆசனத்துக்காகவும் விற்பனைக்காகவும் தவறாது எண்ணப்பட்டவர்கள், இறந்தபோது எண்ணப்படவில்லை.

காற்று ஆள்பார்த்து வீசவில்லை. கணக்கெழுதிய கைகளே ஆள்பார்த்தன.