சாயத் தொழிற்சாலைக்குள் நுழைந்த வேதியியலாளர்

அறிவியலில் பட்டம் பெற்ற ஒருவர் தொழில் நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு ஆய்வாளராகச் சேர்வது இன்று இயல்பான ஏற்பாடாகத் தோன்றினாலும், அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பெரும்பாலும் ஜெர்மனியின் சாயத் தொழிலில் உருவாகி நிலைபெற்ற வழக்கமாகும். அதற்கு முன் சோப்பும் சோடா உப்பும் சாயமும் செய்தவர்கள் தலைமுறைகளாகக் கைமாறி வந்த பக்குவத்தையே நம்பியிருந்தனர். வேதியியல் கற்றவர்களுக்கோ மருந்தகத்தையும் ஆசிரியப் பணியையும் தவிர வேறு வழி அதிகம் இருக்கவில்லை. இவ்விரு உலகங்களும் ஒன்றையொன்று தேடி வந்த வரலாறு, தொழிலுலகம் அறிவியல் பட்டதாரியிடம் உண்மையில் எதை எதிர்பார்த்தது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

இம்மாற்றத்தின் வேர் பல்கலைக்கழகத்தில் இருந்தது. 1824இல் தமது 21ஆம் வயதில் கீசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியப் பொறுப்பேற்ற யுஸ்டஸ் ஃபொன் லீபிக், விரிவுரையைக் கேட்பதோடு நின்றிருந்த மாணவர்களை ஆய்வகத்தில் நிறுத்தி, பகுப்பாய்வை, அதாவது ஒரு பொருளில் எந்தெந்தக் கூறுகள் எந்த அளவில் உள்ளன என்று கண்டறியும் முறையை, அவரவர் கையாலேயே செய்து பழகச் செய்தார். கரிமச் சேர்மத்தை எரிக்கும்போது வெளிவரும் கார்பன் டைஆக்சைடை உறிஞ்சி எடைபோட, ஐந்து குமிழ்கள் கொண்ட கண்ணாடிக் கருவி ஒன்றை அவர் 1831இல் அறிமுகப்படுத்தினார். அதுவரை பெரும் நிபுணர்களுக்கே கைவந்திருந்த அளவீட்டை, முறையாகப் பழகிய எந்த மாணவரும் பிழையின்றிச் செய்ய முடிந்தது. ஆய்வுத் திறன் ஒருவரின் தனி மேதைமையாக இருந்த நிலை மாறி, கற்பிக்கத்தக்க தொழிற்பயிற்சியாக அது உருப்பெற்றது.

லீபிக்கின் மாணவரான ஆகுஸ்ட் வில்ஹெல்ம் ஹோஃப்மான், 1845இல் லண்டனில் தொடங்கப்பட்ட ராயல் வேதியியல் கல்லூரிக்குத் தலைமையேற்று, அதே பயிற்சியை அங்கும் வேரூன்றச் செய்தார். அவரிடம் பயின்ற 18 வயது வில்லியம் ஹென்றி பெர்க்கின், மலேரியா மருந்தான குயினைனைச் செயற்கையாக ஆக்க முயன்றபோது, 1856இல் ஊதா நிறச் சாயமொன்றைக் கண்டறிந்தார். எரிவாயு ஆலைகளின் கழிவாகக் கிடைத்த நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படும் அனிலின் என்னும் பொருளே அதன் மூலம் என்பதால், மலிவான கழிவு விலையுயர்ந்த சரக்காக மாறும் வழி திறந்தது. இவ்வழியைப் பின்பற்றி ஜெர்மனியில் பேயர், ஹோக்ஸ்ட் ஆகிய சாய நிறுவனங்கள் 1863இலும், பாஸ்ஃப் நிறுவனம் 1865இலும் தோன்றின. ஹோஃப்மானும் 1865இல் ஜெர்மனிக்குத் திரும்பினார்.

தொடக்க ஆண்டுகளில் இந்நிறுவனங்கள் பேராசிரியர்களின் கண்டுபிடிப்புகளை விலைக்கு வாங்கியே வளர்ந்தன. மஞ்சிட்டிக் குடும்பத்துச் செடியொன்றின் வேரிலிருந்து கிடைத்த அலிசரின் என்னும் செந்நிறச் சாயத்தை கிரேபேயும் லீபர்மானும் 1868இல் ஆய்வகத்தில் ஆக்கியபோது, அதைத் தொழிற்சாலைக்கேற்ற செய்முறையாக மாற்றியவர்களுள் முதன்மையானவர் பாஸ்ஃபின் ஹைன்ரிஹ் காரோ. அவர்களது காப்புரிமை விண்ணப்பம் 1869 ஜூன் 25 அன்று லண்டனில் பதிவாக, அதே சாயத்துக்கான பெர்க்கினின் விண்ணப்பம் மறுநாள் வந்து சேர்ந்தது.

ஜெர்மனியின் 1877ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமே வேதியியலாளரின் வேலைவாய்ப்பை நிலைப்படுத்திய திருப்பம் எனலாம். வேதிப்பொருள்களைப் பொறுத்தவரை அச்சட்டம் பொருளுக்கு உரிமை தராமல், அதை ஆக்கும் செய்முறைக்கே உரிமை தந்தது. ஆகவே ஒரு சாயத்தை வேறு வழியில் ஆக்கிவிட்டால் போட்டியாளர் தடையின்றி விற்க முடியும் என்ற நிலை ஏற்பட, தன் சாயத்துக்கான எல்லா வழிகளையும் தானே முந்திக் கண்டறிய வேண்டிய கட்டாயம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வந்தது. எப்போதாவது வந்து ஆலோசனை சொல்லும் பேராசிரியரால் இது இயலாது. நாள்தோறும் சோதித்துப் பதிவு செய்யும் பயிற்சி பெற்றவர்கள் பலர் தேவைப்பட்டனர்.

1880களின் தொடக்கத்தில் பேயர் நிறுவனம் இளம் வேதியியலாளர் சிலரைத் தேர்ந்து தன் செலவில் ஆய்வுப் பயிற்சிக்கு அனுப்பியது. அவர்களுள் ஒருவரான கார்ல் டூயிஸ்பெர்க் 1884இல் நிறுவனத்தில் சேர்ந்து, பின்னாளில் அதன் தலைமை இயக்குநரானார். எல்பர்ஃபெல்டில் 1891இல் எழுந்த மைய ஆய்வகத்தில் நூலகமும் காப்புரிமைப் பிரிவும் சாயச் சோதனைக் கூடமும் ஆய்வோடு இணைந்து இயங்கின. அங்கே சேர்மத்தை ஆக்குவதோடு வேதியியலாளரின் பணி முடிந்துவிடவில்லை. பிறர் வெளியிட்டதைத் தேடிப் படிக்கவும், தம் முறையைக் காப்புரிமை மொழியில் பிசகின்றி எழுதவும், பருத்தியிலும் கம்பளியிலும் சாயம் எப்படிப் பிடிக்கிறது என்று அறியவும் வேண்டியிருந்தது.

பட்டதாரிகளின் தரம் சீராக இல்லை என்று கருதிய டூயிஸ்பெர்க், வேதியியலாளருக்கு அரசுத் தேர்வு வேண்டும் என்று 1890களில் வலியுறுத்தினார். அடோல்ஃப் ஃபொன் பேயர் முதலிய பேராசிரியர்கள் அதை ஏற்காமல், 1897இல் பல்கலைக்கழக ஆய்வகத் தலைவர்களின் சங்கத்தை அமைத்துத் தாங்களே ஒரு பொதுத் தேர்வை நடத்த முன்வந்தனர். இந்தச் சர்ச்சையிலும் தொழில்முனைவோர் கேட்டது தொழிற்சாலை நுட்பத்தை அன்று; பகுப்பாய்வு, கனிம வேதியியல், கரிம வேதியியல் ஆகியவற்றில் திடமான அடிப்படையையே கேட்டனர் என்பது கவனத்துக்குரியது. ஆலையின் நுணுக்கங்களை ஆலை கற்றுக்கொடுத்துவிடும், அடிப்படையை அதனால் கற்றுக்கொடுக்க இயலாது என்பதே அவர்களது நிலைப்பாடு.

அவுரிச் செடியிலிருந்து பெறப்பட்ட நீலச் சாயத்தின் கதை இப்பயிற்சியின் வலிமையையும் விளைவையும் ஒருசேரக் காட்டுகிறது. அடோல்ஃப் ஃபொன் பேயர் 1880இல் ஆய்வகத்தில் ஆக்கிய நீலம், பாஸ்ஃப் நிறுவனம் ஏறத்தாழ 1.8 கோடி மார்க் செலவிட்ட பின்னர் 1897இல்தான் சந்தைக்கு வந்தது. இடையில், ஓய்கன் ஸாப்பரின் சோதனையில் வெப்பமானி உடைந்து பாதரசம் கலந்தபோது, நீல ஆக்கத்தின் ஒரு படியான, நாப்தலீனை மாற்றும் வினை விரைவுற்றது. பாதரசம் அங்கே வினையூக்கியாக, அதாவது தான் செலவாகாமல் வினையை விரைவுபடுத்தும் பொருளாக, செயல்பட்டதை உணர்ந்துகொள்ளும் பயிற்சி ஆய்வகத்தில் இருந்ததால், விபத்து செய்முறையாக மாறியது. ஆனால் அந்த வெற்றியின் சுமை இந்தியாவின் வயல்களில் இறங்கியது. வங்காளம், பீகார் ஆகியவற்றோடு தென்னார்க்காடு, கடப்பை மாவட்டங்களிலும் நடந்துவந்த அவுரிச் சாகுபடி சுருங்கியது. சம்பாரணில் தோட்ட முதலாளிகள் தம் நட்டத்தைக் கூடுதல் குத்தகையாக உழவர்மீது ஏற்ற, அந்தக் கொடுமை 1917இல் காந்தியின் சத்தியாகிரகத்துக்குக் காரணமாயிற்று.

1899இல் பாஸ்ஃபில் சேர்ந்த கார்ல் போஷ், உலோகவியலும் இயந்திரவியலும் பயின்ற பின் வேதியியலில் முனைவரானவர். ஃபிரிட்ஸ் ஹாபரின் அமோனியா ஆக்கமுறையை உயர் அழுத்தத்தில் பெரிய அளவில் நடத்தியபோது ஹைட்ரஜன் எஃகுக் கலன்களை வலுவிழக்கச் செய்ய, உள்ளே மெல்லிரும்பு உறையும் வெளிச்சுவரில் நுண்துளைகளும் அமைத்து அவர் அதைத் தீர்த்தார்; 1913இல் ஒப்பாவ் ஆலை இயங்கத் தொடங்கியது. ஆழ்ந்த அடிப்படையோடு அடுத்த துறையின் மொழியையும் அறிந்தவரே ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் இடையிலுள்ள தொலைவைக் கடக்க முடியும் என்பதற்கு இது சிறந்த சான்று.

இவ்வேலை முறைக்குக் குறைகளும் இருந்தன. நிறுவனத்தை விட்டு விலகியவர் குறிப்பிட்ட காலம் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற ஒப்பந்த விதி வேதியியலாளரின் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தியது. முதல் உலகப் போரில் இதே திறன் நச்சு வாயுவை ஆக்கவும் பயன்பட்டது. ஆகவே துல்லியமாக அளத்தல், பிறர் செய்ததைத் தேடிப் படித்தல், தெளிவாக எழுதுதல், பிற துறையினரோடு இணைந்து உழைத்தல் ஆகிய திறன்களோடு, தன் ஆய்வின் விளைவு யாரைச் சென்றடைகிறது என்று எண்ணிப்பார்க்கும் பொறுப்புணர்வையும் மாணவரிடம் வளர்ப்பது கல்வியின் கடமையாகும். முதல் நான்கையும் வேலை தருபவர் கேட்டுப் பெற்றுக்கொள்வார். ஐந்தாவதைக் கேட்க வேண்டியது சமூகமே.