உருக்கிற் பொறித்த வரலாறு: லீ என்பீல்ட் துப்பாக்கி ஓர் எடுத்துக்காட்டு

பொறிப்புச் சான்று என்றவுடன் கல்வெட்டும் செப்பேடுமே நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின் கைத்தொழிற் புரட்சிக்குப் பிந்திய அரசுகள் தம் ஆணையையும் உடைமையுரிமையையும் உருக்கிலும் பொறித்தன. பிரித்தானியப் பேரரசின் லீ என்பீல்ட் துப்பாக்கி இதற்குத் தக்க சான்றாகும். பேரரசு கலைந்த பின்னரும் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, கனடா முதலிய நாடுகளின் இல்லங்களில் இத்துப்பாக்கி மரபுரிமைப் பொருளாகக் கைமாறி வருகின்றது. அதனுடன் ஒரு குடும்பக் கதையும் கைமாறுகின்றது. கதையும் பொறிப்பும் முரண்படுமிடத்து எதனை ஏற்பது? அப்பொருளின் பெறுமதி எதனால் அமைகின்றது? இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

ஸ்கொட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்து அமெரிக்காவிற் பணிபுரிந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பார் வகுத்த இயங்குமுறையும், இலண்டனுக்கு அண்மையிலுள்ள என்பீல்ட் அரச படைக்கலத் தொழிற்சாலை வகுத்த குழற் சுரியும் 1895 இல் ஒன்றிணைந்தமையால் இப்பெயர் தோன்றிற்று. இதன் குறுகிய வடிவம் 1903 அளவிற் படைகளுக்கு வந்தது. 1907 இல் அதன் மூன்றாம் வகை ஏற்கப்பட்டது. போர்க்கால உற்பத்தியை விரைவுபடுத்தும் பொருட்டுச் சில உறுப்புகள் நீக்கப்பட்டபோது, 1916 இல் மூன்றாம் வகைக்கு உடுக்குறி ஒன்று சேர்க்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நான்காம் இலக்கத் துப்பாக்கி அதன் இடத்தைப் பெற்றது. இவை யாவும் .303 அங்குலத் தோட்டாவைச் சுடுவன. பத்துத் தோட்டாக்கள் கொள்வன.

முன்னைய வகைகளில் அடிக்கட்டையைக் கவ்வியிருக்கும் உலோகப் பகுதியின் வலப்புறமே முதலிற் படிக்கவேண்டிய ஏடாகும். அங்கே முடியும், ஆளும் மன்னரின் பெயரெழுத்துகளும், தொழிற்சாலையின் பெயரும், ஆண்டும், வகையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொறிக்கப்பட்டிருக்கும். சோழர் சாசனத்தில் மெய்க்கீர்த்தி எப்பணியைச் செய்கின்றதோ அப்பணியையே இவ்வெழுத்துகள் செய்கின்றன. 'வீ. ஆர்.' விக்டோரியாவையும், 'ஈ. ஆர்.' ஏழாம் எட்வேர்டையும், 'ஜீ. ஆர்.' ஜோர்ஜ் மன்னரையும் குறிக்கும். வங்காளத்து இஷாப்பூர்த் தொழிற்சாலையின் பொறிப்பில் 'ஜீ. ஆர். ஐ.' எனப் பேரரசப் பட்டமும் சேர்ந்திருக்கும். விடுதலைக்குப் பின் அவ்விடத்தை அசோகரின் சிங்கச் சின்னம் பெற்றது. ஆட்சிமாற்றம் ஒன்று உருக்கில் இவ்வாறு பதிவாகியுள்ளது.

பொறிப்பை மேலோட்டமாகப் படிப்பதும் தவறுக்கு இடமளிக்கும். நான்காம் இலக்கத் துப்பாக்கிகள் சிலவற்றில் 'ஐக்கிய அமெரிக்காவின் உடைமை' எனப் பொருள்படும் ஆங்கில வாசகம் காணப்படும். அதனால் அது அமெரிக்கப் படையின் ஆயுதம் எனக் கொள்வோர் உளர். உண்மையில் அவை 1941 ஆம் ஆண்டின் கடன்-குத்தகைச் சட்டத்தின் கீழ், சவேஜ் நிறுவனத்தினால் பிரித்தானியாவுக்கென ஆக்கப்பட்டவை. தொடரிலக்கத்தின் நடுவே 'சி' எழுத்து வருமாயின் சவேஜ் எனவும், 'எல்' வருமாயின் கனடாவின் லோங் பிராஞ்ச் தொழிற்சாலை எனவும் கொள்ளலாம்.

இனிக் குடும்பக் கதையை நோக்கலாம். பாட்டனார் கலிப்போலியில் ஏந்திய துப்பாக்கி என்று ஒரு குடும்பம் போற்றிவரும் ஆயுதத்தில் 1917 என்னும் ஆண்டு காணப்படுகின்றது எனக் கொள்வோம். கலிப்போலிப் போர் 1915 ஏப்ரலில் தொடங்கி 1916 ஜனவரியில் முடிவுற்றது. எனவே அக்கதை நிலைபெறாது. ஆயின் பாட்டனார் பொய்யுரைத்தார் என்பது இதனாற் பெறப்படும் முடிபன்று. படைத்துப்பாக்கி வீரனின் உடைமையன்று, முடியின் உடைமை. அகன்ற அம்புக்குறி அதனையே உணர்த்துகின்றது. சேவை முடிந்ததும் வீரன் அதனைத் திருப்பிக் கொடுத்தல் விதி. பின்னர் அரசு மேலதிக ஆயுதங்களை விற்றபோது, இரு அம்புகள் நுனியோடு நுனி பொருந்தும் குறி இடப்பட்டது. பிரித்தானியாவில் அவை பொதுச் சந்தைக்கு வருமுன் இலண்டன் அல்லது பேர்மிங்காம் சோதனைச்சாலையின் முத்திரையும் பெற்றன. இக்குறிகள் உள்ள துப்பாக்கி, போர்க்களத்திலிருந்து நேரே வீட்டிற்கு வந்ததன்று. களஞ்சியத்திலிருந்து கடை வழியாக வந்தது. தாம் ஏந்தியதை ஒத்த ஒன்றை முதுமையில் வாங்கி வைத்திருந்த ஒருவரின் நினைவு, அடுத்த தலைமுறையில் 'அதுவே இது' எனத் திரிவது இயல்பேயாகும்.

தொழிற்சாலைகள் பழைய துப்பாக்கிகளைப் புதுக்கியமையும் கருதத்தக்கது. உடற்பகுதியில் 1915 எனவும் குழலில் 1942 எனவும் இரு ஆண்டுகள் இருத்தல் கூடும். அது போலிமைக்குச் சான்றன்று. இரு போர்களிலும் பயன்பட்டமைக்குச் சான்றாகலாம். உடற்பகுதி, குழல், போல்ட், முன்மூடி, குறிபார்க்கும் தகடு ஆகியவற்றின் தொடரிலக்கங்கள் ஒத்திருக்கின்றனவா என நோக்குதல் அடுத்த படியாகும். போல்ட்டின் இலக்கம் வேறாயின் பெறுமதி குறைவதோடு, சுடுவதும் இடர் தருவதாகலாம். 'டீ. பீ.' என்னும் எழுத்துகள் அணிப்பயிற்சிக்கு மட்டும் உரியது என்பதைக் குறிப்பன. அத்தகைய துப்பாக்கி சுடத்தக்கதன்று. 1960களில் இஷாப்பூரில் ஆக்கப்பட்டவை புறத்தோற்றத்தில் மூன்றாம் வகையை ஒத்தவையாயினும் 7.62 மில்லிமீற்றர் தோட்டாவுக்கு உரியவை.

போலிச் செப்பேடுகள் உள்ளதுபோலப் போலித் துப்பாக்கிகளும் உள. கைபர் கணவாயை அடுத்த டார்ரா ஆதம் கேல் முதலிய ஊர்களின் கொல்லர்கள் கையாலேயே இத்துப்பாக்கிகளைப் படியெடுத்தனர். பொறிப்புகளையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. ஆங்கிலம் அறியாமையால் எழுத்துகள் தலைகீழாயின. விக்டோரியாவின் பெயரெழுத்தும் அவர் மறைந்த 1901 இற்குப் பிந்திய ஆண்டும் ஒருங்கே அமைந்தன. சாசனவியலார் போலியைக் காணும் முறையும் இதுவே.

இவற்றிலிருந்து பெறுமதி பற்றிய உண்மை புலனாகும். சேகரிப்போர் விலை கொடுப்பது பளபளப்புக்கன்று, சிதையாத சான்றுக்கேயாகும். வேட்டைக்கென முன்மரத்தை வெட்டிக் குறுக்கியவை மலிவாகவே விலைபோகின்றன. மரத்தை அரத்தாளால் தேய்த்து மெருகூட்டும் உரிமையாளர், பரிசோதகரின் முத்திரைகளையும் தம் கையாலேயே அழித்துவிடுகின்றார். இதற்கு மாறாக, ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் நிறுவனம் தொலைநோக்கி பொருத்திய நான்காம் இலக்கக் குறிசூட்டுத் துப்பாக்கி, அடிக்கட்டையின் கழுத்தில் பொறித்த இலக்கமும் தொலைநோக்கியின் இலக்கமும் ஒன்றாயிருப்பின் மிக உயர்ந்த விலை பெறும். அதனாலேயே அதற்குப் போலிகளும் மிகுதி.

சட்டமும் இப்பொறிப்புகளையே நாடுகின்றது. அமெரிக்க ஒன்றியச் சட்டத்தில் 1898 வரை ஆக்கப்பட்டவை தொன்மைப் பொருள்களாகும். பிரித்தானியாவில் மார்ட்டினி ஹென்றியின் தோட்டா வழக்கொழிந்தவற்றுள் அடங்குவதால், அதனை அரும்பொருளாக உரிமப் பத்திரமின்றி வைத்திருக்கலாம். .303 தோட்டாவுக்கு அச்சலுகை இல்லை. ஆகவே மரபுரிமையாகப் பெற்றவரும் காவற்றுறையை நாடவேண்டியவரே. எவ்விடத்தும், குழலும் ரவைக்கூடும் வெறுமையாயுள்ளன என்பதைப் பயிற்சி பெற்ற ஒருவர் உறுதிசெய்த பின்னரே ஆராய்ச்சி தொடங்கவேண்டும்.

ஆகவே மரபுரிமைத் துப்பாக்கியைப் பெற்றவர் முதலிற் செய்யவேண்டியது அதனைத் துலக்குவதன்று. உள்ளவாறே வைத்துப் பொறிப்புகளைப் படியெடுத்துக் கொள்வதாகும். குடும்பக் கதையையும், அதனை உரைத்தவர் யார் என்பதையும் தனியே எழுதிவைத்தல் வேண்டும். பொறிப்பு கதையைத் திருத்தும். ஆயின் அத்துப்பாக்கி ஒரு வீட்டில் ஏன் இத்தனை காலம் பேணப்பட்டது என்பதைக் கதையே கூறும். இரண்டையும் கலவாது காப்பதே வரலாற்றுணர்வுடைய மரபுரிமையாளரின் கடமையாகும்.