கடவுள் விலகினார், மன்னர் விலகவில்லை: பிரிட்டிஷ் நாடாளுமன்றப் பிரமாணத்தின் வரலாறு

முன்னுரை

பிரிட்டனில் இறைமறுப்பாளர் ஒருவர் நாடாளுமன்ற உறுப்பினராகலாம். கடவுள் பெயரால் ஆணையிடாமல் உளமார உறுதி கூறிப் பதவியேற்கலாம். முடியாட்சியே வேண்டாம் என்பவரும் தேர்தலில் வெல்லலாம். ஆனால் மன்னருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சொல்லாதவரை அவர் அவையில் அமரவோ வாக்களிக்கவோ இயலாது. சமயத் தடை அகன்ற பின்னும் அரச விசுவாசத் தடை நிலைத்தது ஏன்? சார்லஸ் பிராட்லாவின் (1833–1891) போராட்டத்தை முன்வைத்து இக்கட்டுரை அதற்கு விடை தேடுகிறது.

குடியரசு அலை

1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்தபின் விக்டோரியா அரசி பொதுவாழ்விலிருந்து ஒதுங்கினார். 1870இல் பிரான்சில் குடியரசு மலர்ந்ததும் இங்கிலாந்தின் நகரங்களில் குடியரசுக் கழகங்கள் தோன்றின. 1871 நவம்பரில் சார்லஸ் டில்க் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அரண்மனைச் செலவைச் சாடி நியூகாசிலில் பேசினார். அடுத்த மாதமே டைபாய்டில் சாகக் கிடந்த பட்டத்து இளவரசர் பிழைத்தெழ, மக்களின் பரிவு அரச குடும்பத்தின் பக்கம் திரும்பியது. அலை தணிந்தது.

அலையோடு போகாதவர் பிராட்லா. 1866இல் தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தைத் தொடங்கிய அவர், அரசகுலத்தைப் பற்றி எழுதிய நூலில் ஒரு சட்ட வாதத்தை முன்வைத்தார். 1701ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டத்தின் வழியாகவே அக்குலம் அரியணை ஏறியது. நாடாளுமன்றம் தந்த அரியணையை நாடாளுமன்றமே திரும்பப் பெறலாம். முடியாட்சி தெய்வ வரம் அன்று, சட்ட ஏற்பாடு என்ற இப்பார்வையில் இறைமறுப்பும் முடிமறுப்பும் ஒரே வேரில் கிளைத்தன.

ஆறாண்டுப் போராட்டம்

அதுவரை பிரமாணத் தடை ஒவ்வொரு பிரிவினருக்காகத் தளர்த்தப்பட்டு வந்தது: 1829இல் கத்தோலிக்கர், 1833இல் குவேக்கர், 1858இல் யூதர். இவர்கள் அனைவரும் கடவுளை நம்பியவர்கள். நம்பாதவருக்கு இடமில்லை.

1880இல் நார்தாம்ப்டனில் வென்ற பிராட்லா, உறுதிமொழி கூற அனுமதி கேட்டார், மறுத்தார்கள். அப்படியானால் வழக்கமான பிரமாணத்தையே எடுக்கிறேன் என்றார். நாத்திகர் வாயிலிருந்து அது செல்லாது என்று அதையும் தடுத்தார்கள். வெளியேற மறுத்தவரை நாடாளுமன்ற மணிக்கூண்டில் ஓர் இரவு சிறை வைத்தார்கள். 1881 ஆகஸ்டில் காவலர்கள் அவரை வாசலுக்கு வெளியே இழுத்துத் தள்ளினார்கள். நார்தாம்ப்டன் வாக்காளர்களோ 1880க்கும் 1885க்கும் இடையே அவரை ஐந்து முறை தேர்ந்தெடுத்தார்கள். உறுதிமொழிக்கு வழிவிடப் பிரதமர் கிளாட்ஸ்டனின் அரசு 1883இல் கொண்டுவந்த மசோதா மூன்றே வாக்குகளில் தோற்றது. இறுதியில் 1886 ஜனவரியில் அவைத்தலைவர் ஆர்தர் பீல் எந்த ஆட்சேபத்துக்கும் இடம்தராமல் அவரைப் பிரமாணம் எடுக்க அனுமதித்தார். 1888இல் பிராட்லாவே முன்னின்று நிறைவேற்றிய சட்டம், கடவுள் பெயரைச் சொல்லாமல் உறுதி கூறும் உரிமையை அனைவருக்கும் வழங்கியது.

இப்போராட்டத்தின் எதிரொலி சென்னையிலும் கேட்டது. 1880களில் இங்கு இயங்கிய இலௌகிக (மதச்சார்பற்றோர்) சங்கத்தாரும் அவர்களின் 'தத்துவ விவேசினி' இதழும் பிராட்லாவின் லண்டன் இயக்கத்தோடு உறவு கொண்டிருந்தனர்.

எஞ்சிய பாதி

1888ஆம் ஆண்டுச் சட்டம் தொடாத பகுதி அரச விசுவாசம். அதை பிராட்லா அன்று பெருந்தடையாகக் கருதவில்லை. 'சட்டப்படியான' வாரிசுகள் என்றே பிரமாணம் சொல்வதால், சட்டத்தை மாற்றினால் வாரிசுரிமையும் மாறும் என்பது அவர் வாதம். வாதம் கூர்மையானது, ஆனால் அது அந்தச் சொற்களை அங்கேயே விட்டுவைத்தது.

அவை நீடிக்கக் காரணம் அரண்மனை மட்டுமல்ல. கடவுள் நம்பிக்கை தனிமனிதரின் மனசாட்சிக்குரியது. அதை விட்டுக்கொடுப்பதால் ஆட்சியாளர் எதையும் இழக்கவில்லை. முடியோ அரசதிகாரத்தின் பெயர். அமைச்சர்கள் செலுத்தும் சிறப்பதிகாரங்கள் பல அந்தப் பெயரில்தான் இயங்குகின்றன. அதனால் இடதுசாரிகளும் தயங்கினார்கள்: 1923இல் தொழிற்கட்சி மாநாடு குடியரசுத் தீர்மானத்தைப் பெரும்பான்மையால் நிராகரித்தது. மன்னர் பதவியை நீக்கத் தொழிற்கட்சி உறுப்பினர் டோனி பென் 1991இல் கொண்டுவந்த மசோதா சட்டமாகவில்லை. விசுவாசப் பிரமாணத்தை எதிர்த்த, அயர்லாந்தின் சின் ஃபைன் கட்சியைச் சேர்ந்த மார்ட்டின் மெக்கின்னஸின் மனுவை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1999இல் ஏற்கவில்லை.

தண்டனைச் சட்டமும் இதே பாதையில் சென்றது. தெய்வநிந்தனைக் குற்றம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2008இல் ஒழிந்தது. அரியணையை அகற்றக் கருதி எழுதுவதையும் ஆயுள் தண்டனைக்குரியதாக்கிய 1848ஆம் ஆண்டுச் சட்டம், வழக்கில் பயன்படாமல் கிடந்தாலும், ஏட்டில் நீடிக்கிறது. 2023 மே 6 அன்று, மூன்றாம் சார்லஸ் முடிசூடிய காலையில், முடியாட்சியை எதிர்க்கும் 'ரிபப்ளிக்' அமைப்பினர் ஆறு பேர் கைதாகினர். பின்னர் வழக்கின்றி விடுவிக்கப்பட்டனர்.

முடிவுரை

பிரிட்டனின் மதச்சார்பற்ற அரசியல் வென்றது மனசாட்சியின் எல்லைவரைதான். அதிகாரத்தின் ஊற்றுக்கண்ணை அது எட்டவில்லை. 2024 ஜூலையில் கிளைவ் லூயிஸ் என்ற உறுப்பினர், குடியரசு மலரும் என்ற நம்பிக்கையைச் சொல்லி, எதிர்ப்புடன் பதவியேற்றார். 'வாரிசுகள்' என்ற சொல்லை அவர் விட்டுவிட்டதால் மீண்டும் வந்து முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று.