‘இண்டிகா’ என்னும் பெயரும் அது கைவிட்ட விதையும்

பாணினியின் அஷ்டாத்யாயியில் ஐந்தாம் அத்தியாயத்தின் இரண்டாம் பாதத்தில், பயிரின் பெயரிலிருந்து அது விளையும் வயலின் பெயரை ஆக்கும் விதிகள் வருகின்றன. அவற்றுள் நான்காம் சூத்திரம் ஐந்து பயிர்களைச் சேர்த்துச் சொல்கிறது: எள், உளுந்து, ஆளி, பங்கா, சிறுதானியம் ஒன்று. பங்கா விளையும் நிலம் ‘பங்க்ய’ என்றும் ‘பாங்கீன’ என்றும் இருவகையாக வரலாம். விதியின் நுட்பம் இலக்கணிகளுக்குரியது. வரலாற்று மாணவருக்கு அதிலுள்ள செய்தி எளிது. உளுந்து வயலுக்கும் எள் வயலுக்கும் பெயர் வேண்டியிருந்ததுபோல் பங்கா வயலுக்கும் பெயர் வேண்டியிருந்தது. அது உழுது விதைத்து, விதை எடுத்துவைத்துப் பேணிய பயிர்.

கஞ்சாவின் வரலாறு பெரும்பாலும் புகையின் பக்கத்திலிருந்தே எழுதப்படுகிறது. சிவனடியார்கள், பக்கிரிகள், காலனிய மருத்துவர்கள், ஹிப்பிகள் என்று அது நீள்கிறது. விதையின் பக்கத்திலிருந்து எழுதினால் வேறு மனிதர்கள் தென்படுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர்க்கு ஆவணங்களில் பெயர் இல்லை.

இந்தப் பயிரில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தம் காற்றில் பரவும். ஒரே ஆண் பூ ஏறத்தாழ 3,50,000 துகள்களை உதிர்க்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பிசின் மிகுந்த பூங்கொத்து வேண்டுமானால் பெண் செடி சூல்கொள்ளாமல் இருக்கவேண்டும். அடுத்த ஆண்டு விதைக்க வேண்டுமானால் அதே செடி சூல்கொண்டாக வேண்டும். கஞ்சா பயிரிட்ட ஒவ்வொரு குடும்பமும் இந்த முரணோடுதான் வாழ்ந்தது. நாட்டு ரகம் என்று இன்று சொல்லப்படுவது, பல தலைமுறைகள் இம்முரணைக் கையாண்ட விதத்தால் உருவானது. ஒட்டுக்கட்டிய மாமரத்தைப்போல ஒரு தனிச் செடியில் அதைப் பிடித்துவைக்க முடியாது. கலப்பில் பிறப்பதால் ஒவ்வொரு விதையும் சற்றே வேறானது. ஒரு வயல் முழுவதும் சேர்ந்ததே ரகம்.

ஆண், பெண் என்ற பெயர்களே இங்கு நெடுங்காலம் குழம்பிக் கிடந்தன என்பதையும் சொல்லவேண்டும். பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பிய மூலிகை நூல்கள், தடித்து வளர்ந்து விதை தரும் செடியை ஆண் என்றும், மெலிந்து முந்தி வாடும் செடியைப் பெண் என்றும் எழுதின. ஆங்கில உழவர் வழக்கில் விதை தருவது ‘கார்ல்’, அதாவது ஆண்மகன். மகரந்தம் தருவது ‘ஃபிம்பிள்’, அதாவது பெண் என்னும் சொல்லின் திரிபு. உடற்கட்டைப் பார்த்துப் பால் வகுத்ததன் விளைவு இது. நார் மட்டுமே வேண்டிய ஊரில் இந்தப் பிழையால் நட்டம் ஏதுமில்லை. பூ வேண்டிய ஊரில் செடியின் பாலைப் பிழையாகக் கணித்தால் விளைச்சலே போய்விடும்.

அப்படிப்பட்ட ஊர்களில் ஆவணங்கள் மிகுந்தது வங்கத்தின் நவ்காவ்ன். ராஜ்ஷாஹி, தினாஜ்பூர், போக்ரா மாவட்டங்கள் சந்திக்கும் அந்தப் பகுதிக்குக் ‘கஞ்சா மஹால்’ என்றே பெயர். 1877இல் ஹேம்சந்திர கர் வங்க அரசுக்கு அளித்த அறிக்கையும், கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் டேவிட் பிரெய்ன் 1893இல் எழுதிய அறிக்கையும் அங்கு நடந்த வேளாண்மையை விரிவாகப் பதிவுசெய்கின்றன. ஆகஸ்டில் நாற்றங்கால், செப்டம்பரில் நடவு. நவம்பரில் பூ அரும்பும் நேரத்தில் உழவர் தம் வயலைத் தாமே நம்பாமல் ஒரு வல்லுநரை அழைப்பார். அவர் வரிசை வரிசையாக நடந்து, பூ விரியுமுன்னரே ஆண் செடிகளை இனங்கண்டு அகற்றுவார். ஒருமுறை நடந்தால் போதாது. தப்பியவற்றைத் தேடி மீண்டும் வரவேண்டும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அறுவடை. பூங்கொத்துகளைக் காலால் மிதித்துத் தட்டையாக்கினால் அது ‘சப்டா’, உருட்டித் திரட்டினால் ‘கோல்’, உதிர்ந்தது ‘சூர்’.

ஆங்கிலேய அதிகாரிகள் இந்த வல்லுநரைக் ‘கஞ்சா டாக்டர்’ என்று எழுதினார்கள். ஊர் வழக்கில் அவர் ‘போத்தார்’ அல்லது ‘பரக்தார்’. இரண்டும் கவனிக்கத்தக்க சொற்கள். போத்தார் என்பது பாரசீகத்தின் ‘ஃபோதாதார்’ என்பதன் வங்க வடிவம். பணப்பையைக் காப்பவர், நாணயத்தை எடைபோட்டுத் தேர்பவர் என்று பொருள். பரக்தாரின் ‘பரக்’ என்பதும் உரைத்துப் பார்த்தலே. நல்ல காசையும் கள்ளக் காசையும் பிரிக்கும் தொழிலின் பெயரை, அரும்பை உற்றுநோக்கி ஆணையும் பெண்ணையும் பிரிப்பவருக்கு அந்த ஊர் கொடுத்திருக்கிறது. அறிக்கை எழுதியவர்களின் பெயர்கள் நிலைத்துவிட்டன. எந்தவொரு போத்தாரின் பெயரையும் மேற்கோள் காட்டும் வழக்கம் இன்றுவரை ஆய்வுலகில் இல்லை.

எல்லா ஆண் செடிகளையும் அகற்றிவிட்டால் அடுத்த ஆண்டுக்கு விதை ஏது? கண்ணுக்குத் தப்பிய ஓரிரு ஆண் செடிகளும், பெண் செடிகளிலேயே அங்கங்கே தோன்றும் ஆண் பூக்களும் கொஞ்சம் விதையை உண்டாக்கிவிடும். இதன் மரபியல் விளைவு நுட்பமானது. இப்படி எடுத்த விதையிலிருந்து முளைப்பவற்றில் பெண் செடியிலேயே ஆண் பூ தோன்றும் இயல்பு கூடுதலாக இருக்கும். அதாவது போத்தாரின் தேர்வு அந்த ஆண்டு விளைச்சலை மட்டும் தீர்மானிக்கவில்லை. அவர் கண்ணுக்குத் தப்பியவற்றின் வழியாக ரகத்தின் இயல்பையும் மெல்லமெல்ல மாற்றியது.

வணிக வயலுக்கு வெளியே வீட்டுக்கொல்லையிலும் இச்செடி வளர்ந்தது. மாட்டு மருந்துக்கு, வயிற்றுப்போக்குக்கு, திருவிழாவுக்கு என்று ஓரிரண்டு செடிகள் இருந்தன. அவை அரசின் கண்ணை உறுத்தியதற்குப் போதை முதற்காரணமாகத் தெரியவில்லை. கஞ்சா மஹாலின் சரக்கு அரசுக் கிடங்கு வழியே தீர்வை செலுத்தி வெளியேறும். கொல்லைச் செடிக்குத் தீர்வை கிடையாது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் 1893இல் எழுந்த கேள்வியால் அமைக்கப்பட்ட இந்தியக் கஞ்சா ஆணையம் 1,193 சாட்சிகளை விசாரித்தது. மிதமான பழக்கத்தால் குறிப்பிடத்தக்க தீங்கில்லை என்றும் முழுத்தடை தேவையில்லை என்றும் அது 1894இல் முடிவுக்கு வந்தது. இந்தப் பகுதியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே அறிக்கையின் மற்றொரு பரிந்துரை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: உரிமம் பெற்ற சில இடங்களில் மட்டும் பயிரிடலைக் குவித்து, பிற இடங்களில் நிறுத்தவேண்டும். சென்னை மாகாணத்தில் அவ்வாறு கிருஷ்ணா மாவட்டத்தின் பாபட்லா பகுதியும் வடஆற்காட்டின் ஜவ்வாது மலையும் எஞ்சின. ஆணையம் தாராள மனம் கொண்டதென்று புகழ்பவர்கள், பலவாக இருந்த விதை மரபுகள் சிலவாகக் குறுகியதில் அதற்குள்ள பங்கையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

இனிப் பெயருக்கு வரலாம். லின்னேயஸ் 1753இல் ‘கன்னாபிஸ் சட்டைவா’ என்று பெயரிட்டபோது அவர் மனத்தில் இருந்தது ஐரோப்பிய நார்ச்செடி. 1785இல் லமார்க், அதிலிருந்து வேறானதென்று ‘கன்னாபிஸ் இண்டிகா’வைப் பிரித்தார். அவருக்கு இந்திய மாதிரிகளைத் தந்தவர் சோழமண்டலக் கரையில் பயணம்செய்தவரும் புதுச்சேரியோடு நீண்ட தொடர்புடையவருமான பியேர் சொன்னெரா. லமார்க் விவரித்த செடிக்குக் கடினமான தண்டு, நாருக்குப் பயன்படாத மெல்லிய பட்டை, மாறிமாறி அமைந்த இலைகள், குறுகிய இலைக்கூறுகள். தலைக்கேறி ஒருவகை வெறியைத் தருவது இதன் இயல்பு என்றும் எழுதினார். அதற்கு முன்பே, 1690இல் வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ பத்தாம் தொகுதியில், மலையாளக் ‘கஞ்சாவு’ இரண்டு தனிப் பெயர்களோடு இரண்டு படங்களாக இடம்பெற்றிருந்தது.

இன்று உலகச் சந்தையில் ‘இண்டிகா’ என்றால் குட்டையான, அகன்ற இலையுடைய, விரைவில் முதிரும் செடி. லமார்க்கின் விவரணைக்கு இது ஏறக்குறைய நேரெதிர். இது ஆப்கானிஸ்தானத்துச் செடி. 1920களில் அங்கு சென்ற வவிலோவ் அதை இண்டிகாவின் ஆப்கான் வடிவம் என்று அடைமொழியோடு குறித்தார். 1970களில் ஹார்வர்டின் ஷல்டிஸ் ஆப்கான் செடியையே இண்டிகாவின் எடுத்துக்காட்டாக முன்வைத்தபின் அடைமொழி மெல்ல உதிர்ந்தது. அமெரிக்க நீதிமன்றங்களில் அப்போது ஒரு விசித்திர வாதமும் நடந்துகொண்டிருந்தது: சட்டம் சட்டைவாவை மட்டுமே தடைசெய்கிறது, என் கட்சிக்காரரிடம் இருந்தது இண்டிகா என்று வழக்குரைஞர்கள் வாதிட்டார்கள். இதற்கிடையில் தரைவழிப் பயணிகள் கொண்டுசென்ற ஆப்கான் விதை, விளக்கொளியில் அறைக்குள் வளர்ப்பதற்கு வாகாக இருந்ததால் கலிபோர்னியாவிலும் ஆம்ஸ்டர்டாமிலும் கலப்பினங்களுக்குத் தாயானது. கேரளத்திலும் வங்கத்திலும் வளர்ந்த நெடிய, குறுகிய இலைச் செடிகளுக்குச் சந்தை ‘சட்டைவா’ என்று பெயர் சூட்டியது. இந்தியச் செடி தன் பெயரை இழந்து ஐரோப்பிய நார்ச்செடியின் பெயரைப் பெற்றது. 2015இல் வெளியான ஒரு மரபணு ஆய்வில், முழுச் சட்டைவா என்று விற்கப்பட்ட ஒரு ஜமைக்கா ரகமும் முழு இண்டிகா என்று விற்கப்பட்ட ஓர் ஆப்கான் ரகமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இடுகுறிதான் என்று மாணவர்க்குக் கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சட்டத்தின் மொழியில் பெயர் இவ்வாறு நகரவில்லை. 1925 ஜெனீவா உடன்படிக்கை ‘இந்திய ஹெம்ப்’ என்றே எழுதி, அதைப் பெண் செடியின் பூ அல்லது காய் தாங்கிய நுனி என்று வரையறுத்தது; போத்தார் தேடிக் காத்த அதே பகுதி. (தமிழில் இதை ‘இந்தியச் சணல்’ என்று பெயர்ப்பவர்கள் சணப்பையும் கோணிச் சணலையும் நினைவூட்டி வாசகரைத் திசைதிருப்புகிறார்கள்.) 1961 ஒற்றை உடன்படிக்கை இந்தியா போன்ற நாடுகளுக்கு, மருத்துவம் சாராத பழக்கத்தை நிறுத்த 25 ஆண்டு அவகாசம் தந்தது. அது முடியுமுன் 1985இல் போதைப்பொருள் சட்டம் வந்தது. நவ்காவ்னில் 1917 முதல் உழவர்களே நடத்திவந்த கூட்டுறவுச் சங்கம் இருந்தும், வங்கதேசத்தில் 1980களோடு பயிரிடல் முடிவுற்றது.

1985 சட்டத்தின் வரையறையைச் சொல்லிலக்கண நோக்கில் படித்தால் ஒரு விந்தை புலப்படும். கஞ்சா என்பது பூத்த அல்லது காய்த்த நுனி. நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் அடங்கா. அதனால் இலையால் ஆன பாங் சில மாநிலங்களில் அரசு உரிமத்தோடு விற்கப்படுகிறது. விதையும் குற்றப்பொருள் அன்று. ஆனால் எட்டாம் பிரிவின்படி எந்தக் கஞ்சாச் செடியையும் பயிரிடக் கூடாது. மீறினால் பத்தாண்டுவரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய்வரை தண்டம். விதையை வைத்துக்கொள்ளலாம், விதைக்கக் கூடாது. சாதாரணச் சூட்டில் இந்த விதையின் முளைப்புத்திறன் சில ஆண்டுகளிலேயே பெரிதும் குன்றிவிடும். மரபு ரகம் ஒன்றைப் பெட்டியில் பூட்டிவைத்து இருபது ஆண்டு கழித்து எடுத்துக்கொள்ள உழவரால் இயலாது.

வீட்டில் வளர்ப்பதைச் சட்டம் ஏற்ற நாடுகளில் இந்திய நாட்டு ரகங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்களின் ஆர்வம் மெய்யானது. ஆனால் வீட்டு வளர்ப்புக்கான அளவு, நுகர்வோரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. ஜெர்மனி 2024 முதல் ஒருவருக்கு மூன்று செடிகளை அனுமதிக்கிறது. கனடாவின் 2018 சட்டம் வீட்டுக்கு நான்கை அனுமதிக்கிறது. சாதாரண விதையில் ஆணும் பெண்ணும் சரிபாதி என்று கொண்டால், மூன்று செடிகளும் ஒரே பாலாக அமைய நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அந்த ஆண்டு விதையே இல்லை. விதை கிடைத்தாலும் ஓரிரு பெற்றோரின் வழியே வயல் முழுவதன் வேறுபாடுகளும் கடந்துவர இயலாது. சில தலைமுறைகளில் எஞ்சுவது ‘கேரளம்’ என்றோ ‘இமாலயம்’ என்றோ சீட்டு ஒட்டிய ஒரு சிறு கிளை. பால்கனியில் மூன்று தொட்டிகளோடு ஒரு நாட்டு ரகத்தைக் காப்பதாக நம்புபவரைக் குறைசொல்ல முடியாது. அவருக்குத் தரப்பட்ட கருவி அவ்வளவே.

தாயகத்தில் நிலைமை வேறு விதமாகச் சிக்கலானது. இமாச்சலத்தின் பார்வதிப் பள்ளத்தாக்கில், மலானா முதலிய ஊர்களின் கையால் தேய்த்தெடுக்கும் சரஸ் பெயர்பெற்றபின், வெளிநாட்டுக் கலப்பின விதைகளும் அங்கு வந்துசேர்ந்தன. பல தலைமுறை ஆப்கான் கலப்பைச் சுமந்த அவற்றின் மகரந்தம் அதே காற்றில்தான் பரவுகிறது. காவல்துறை செடிகளைப் பிடுங்கும்போது எது ஊர் விதை, எது வந்த விதை என்று பார்ப்பதில்லை. பார்க்கும்படி எந்தச் சட்டமும் கேட்கவில்லை. 2020இல் மக்பார்ட்லண்ட், ஸ்மால் என்னும் இருவர் தெற்காசிய, நடு ஆசியச் செடிகளை நான்கு வகைகளாகத் திருத்தி வகுத்து, பாரம்பரியத் தெற்காசியச் செடிக்கே மீண்டும் ‘இண்டிகா’ என்னும் வகைப்பெயரைத் தந்தார்கள். ‘அழிவின் விளிம்பில் உள்ளவை’ என்னும் கருத்தை அக்கட்டுரை தன் தலைப்பிலேயே சுமக்கிறது.

உத்தராகண்டம் 2018 முதல் தொழில்துறை நாருக்கும் விதைக்கும் உரிமம் தருகிறது. நிபந்தனை, போதைச்சத்து 0.3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது. குமாவுன், கர்வால் வீடுகளில் சட்னிக்கு அரைக்கும் பாங் விதை, நாராகவும் உணவாகவும் பலகாலம் பயன்பட்ட உள்ளூர்ச் செடியிலிருந்து வருவது. இமயமலைச் செடிகள் இயல்பாகவே அந்த எல்லையைத் தாண்டக்கூடியவை என்பதால், உரிமம் பெற்ற வயலுக்கு உள்ளூர் விதை எளிதில் தகுதிபெறுவதில்லை. ஐரோப்பிய நார் மரபில் பிறந்த குறைசத்து விதை தகுதிபெற்றுவிடுகிறது. அது வயலுக்கு வந்தால், அதன் மகரந்தமும் பக்கத்து வீட்டுக் கொல்லைக்கு வரும்.