இறைவனும் இடுக்கணும்: ஒரு வரலாற்று நோக்கு

நம் கீழப்பழுவூரிலிருந்து வடக்கே சென்றால் அரியலூர். தெற்கே திருமானூர் வழியாகச் சென்றால் ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் எழுப்பிய அடைக்கல மாதா ஆலயத்திற்கு, சமய வேறுபாடின்றித் துன்பத்தைச் சுமந்து செல்வோரை இச்சாலையில் நாம் சிறு வயது முதலே கண்டு வருகின்றோம். மெழுகுதிரி ஏற்றுவோர் அனைவரும் ஒரே வினாவையே வெவ்வேறு சொற்களில் கேட்கின்றனர். கடவுள் அன்புருவானவர் என்றால், எல்லாம் வல்லவர் என்றால், எமக்கு ஏன் இத்துன்பம்?

வெள்ளி விழா மலரில் இத்தகைய வினா எதற்கு என்று சிலர் கருதலாம். கல்விச் சங்கம் நடத்தும் நாம் இதனைத் தவிர்த்துச் செல்ல இயலாது. நம் பிள்ளைகள் வகுப்பறையிலும் தெருவிலும் கேட்கும் வினா இது. அவர்களுக்கு இதுவரை கிடைத்துள்ள விடைகள் பெரும்பாலும் அவர்களையே குற்றவாளிகளாக்கும் விடைகள். முற்பிறப்பின் வினை என்பது ஒன்று. பெற்றோர் செய்த பாவம் என்பது மற்றொன்று. உன்னைச் சோதிக்கவே ஆண்டவர் அனுப்பினார் என்பது மூன்றாவது. கிறித்தவ மறை இவற்றுள் எதனை ஏற்கின்றது, எதனை மறுக்கின்றது என்பதை நூல்களைக் கொண்டு மட்டும் பாராது, நம் மண்ணின் வரலாற்றைக் கொண்டு பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலை. சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு வண்டி அரியலூரைக் கடந்து கல்லகம் செல்லும் வழியில் மருதையாற்றுப் பாலத்தை அடைந்தது. மழை வெள்ளம் பாலத்தை அரித்திருந்தது. எஞ்சினும் அதனைத் தொடர்ந்த பெட்டிகளும் ஆற்றில் வீழ்ந்தன. 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் பகுதி முதியோர் அந்நாளைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும்.

மாண்டோர் செய்த பாவம் யாது? அப்பெட்டிகளில் இருந்தோர் பின்பெட்டிகளில் இருந்தோரைக் காட்டிலும் கொடியவர்களா? இதே வினாவை இயேசுவின் காலத்து மக்களும் எதிர்கொண்டனர். எருசலேமில் சீலோவாம் கோபுரம் இடிந்து வீழ்ந்து 18 பேர் மாண்ட செய்தியை லூக்கா நற்செய்தி பதிமூன்றாம் அதிகாரம் குறிப்பிடுகின்றது. மாண்டவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்றவர்களை விடப் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்று இயேசு வெளிப்படையாகவே மறுத்துவிடுகின்றார். யோவான் நற்செய்தியில் பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்கின்றனர். பிறக்கும்போதே குருடனாய்ப் பிறந்தவன் எப்போது பாவம் செய்திருக்க முடியும்? வினைக் கொள்கையின் சாயல் அக்கேள்வியிலும் இருந்தது போலும். இருவரும் அல்லர் என்பதே அங்கும் விடை. பிறப்பைக் காட்டி ஒருவனைப் பழிக்கும் வழக்கத்தை இயேசு ஒரே சொல்லில் வெட்டி வீழ்த்திய இடம் இது. நம் மக்களுக்கு விவிலியத்தில் இதனினும் வேண்டிய பகுதி வேறில்லை என்பது நம் கருத்து.

அரியலூர் விபத்தில் நாம் கற்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. அன்று இரயில்வே அமைச்சராயிருந்த இலால் பகதூர் சாஸ்திரி, பொறுப்பைத் தாமே ஏற்றுப் பதவி விலகினார். விதியின் செயல் என்றோ வருணனின் சீற்றம் என்றோ கூறி அவர் ஒதுங்கியிருக்கலாம், ஒதுங்கவில்லை. சில துன்பங்களில் நம் விசாரணை முதலில் செல்ல வேண்டிய இடம் வானுலகமன்று, பாலத்தின் அடித்தூண்.

(அவ்விபத்திற்கு நாற்பது நாள் முன்னர்தான், அக்டோபர் 14 அன்று, அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவினார், விபத்து நிகழ்ந்த பதின்மூன்றாம் நாள் மறைந்தார். முற்பிறப்பு வினையே ஏழ்மைக்குக் காரணம் என்னும் கொள்கையை அவர் புத்தரின் பெயராலும் ஏற்க மறுத்தார். வேறு வழியே சென்றவர் ஆயினும் இவ்விடத்தில் அவரும் சீலோவாம் பகுதியும் ஒரே பக்கம் நிற்கக் காண்கின்றோம்.)

இனி, பெருந்துன்பத்திற்கு வருவோம். 1876இல் பருவமழை பொய்த்தது. அடுத்த இரண்டாண்டுகள் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. தென்னிந்தியாவில் 50 இலட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. சொந்த நிலமின்றிக் கூலி நெல்லை நம்பி வாழ்ந்த நம் முன்னோரே முதலில் வீழ்ந்தனர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! விளைச்சல் இல்லையேல் நிலவுடைமையாளனுக்கு வருவாய் குறையும். பண்ணையாளுக்கு அன்றைய கஞ்சியே இல்லாது போகும். தப்பியோர் பலர் இலங்கைக்கும் பிற கடல் கடந்த நாடுகளுக்கும் தோட்டக் கூலிகளாய்க் கப்பலேறினர்.

மழை பொய்த்தது இயற்கை. ஆனால் அதன் பின் நடந்தவை? பஞ்சம் தொடங்கிய வேளையில், 1877 சனவரி முதல் நாள், வைசிராய் லிட்டன் தில்லியில் பெருந் தர்பார் கூட்டி விக்டோரியாவைப் பேரரசியாக முழங்கிக் கொண்டிருந்தார். செலவைச் சுருக்கும் பொருட்டுச் சென்னைக்கு அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். மண் சுமப்பவனுக்கு இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்களில் அக்கூலி உயர்த்தப்பட்டது; அதற்குள் எலும்பாய்த் தேய்ந்தோர் எத்தனை பேர்! அதே காலத்தில் இந்தியாவிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக் கொண்டும் இருந்தது.

கடவுள் மனிதருக்கு விருப்புரிமை தந்தார், அதனைத் தவறாகப் பயன்படுத்துவதால் துன்பம் விளைகின்றது என்பது கிறித்தவ ஆசிரியர்கள் காலங்காலமாய்த் தரும் விடை. அதில் உண்மை உண்டு. ஒரு பவுண்டு என்று கணக்கிட்டவர் கடவுள் அல்லர். எனினும் இவ்விடையோடு நாம் நிறைவடைய இயலவில்லை. கூலியை நிர்ணயித்தவரின் விருப்புரிமைக்கு, மண் சுமந்தவனின் வயிறு விலையாகலாமா? ஆள்வோரின் உரிமையை மதித்த கடவுள், அடிமையின் கூக்குரலைக் கேளாதிருந்தாரா? இவ்வினாவை எழுப்பாமல் விருப்புரிமை பற்றி உபதேசிப்போர் பெரும்பாலும் பசித்தறியாதவர்கள்.

யாத்திராகமம் மூன்றாம் அதிகாரத்தில் இதற்கொரு மறுமொழி உண்டு. எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளின் துயரத்தைக் கண்டதாகவும், அவர்தம் அழுகுரலைக் கேட்டதாகவும், விடுவிக்க இறங்கி வந்ததாகவும் மோசேயிடம் கடவுள் உரைக்கின்றார். துன்பம் ஏன் வந்தது என்னும் விளக்கம் அங்கில்லை. யார் பக்கம் அவர் நிற்கின்றார் என்பதே அங்குள்ளது. அதன் பின் அவர் செய்வது, மோசேயைப் போ என்று அனுப்புவது.

பஞ்ச காலத்தில் அவ்வாறு சென்றோர் சிலர் இருந்தனர். அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த ஓங்கோலில் அமெரிக்கப் பாப்திஸ்து மிஷனைச் சேர்ந்த ஜான் கிளவ், பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் தோண்டும் ஒப்பந்தத்தைத் தாமே எடுத்து, மாதிகர் முதலான ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வேலையும் கூலியும் அளித்தார். சோற்றுக்காக மதம் மாறியோர் என்று நம் மக்களை இன்றும் இகழ்வோர் உண்டு. அவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று: நிவாரணம் நடந்த காலம் முழுதும் கிளவ் எவருக்கும் ஞானஸ்நானம் தர மறுத்துவிட்டார். கூலியும் உணவும் நின்ற பின்னரும் மக்கள் திரண்டு வந்தனர். 1878 சூலை 3ஆம் நாள் ஒரே நாளில் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றனர். சோறு தீர்ந்த பின் வந்தவர்களைச் சோற்றுக்காக வந்தவர் என்பது எந்தக் கணக்கு?

அம்மக்கள் தேடியது விளக்கமன்று. தம்மைத் தொட்டு, பெயர் சொல்லி அழைக்கும் ஒரு கடவுளை. பின்னர்ச் செங்கற்பட்டு மாவட்டத்தில் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கவுடி போன்ற மிஷனெரிகள் பறையர் மக்களின் நிலமற்ற நிலையை அரசின் கவனத்திற்குக் கொண்டு சென்றனர். ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் அறிக்கை அளித்தார். 1892 செப்டம்பர் 30ஆம் நாளைய ஆணையால் பஞ்சமி நிலம் என்று நாம் வழங்கும் நிலங்கள் ஒதுக்கப்படலாயின. அவற்றுள் பெரும்பகுதி பிறர் கைக்குச் சென்றதும் நாம் அறிந்ததே. அந்நிலங்களை மீட்க எழுந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் காவலர் துப்பாக்கிச் சூட்டில் மாண்ட இளைஞர் இருவர். ஒருவர் பெயர் ஜான் தாமஸ், மற்றவர் பெயர் ஏழுமலை. துப்பாக்கிக் குண்டு சமயம் பார்க்கவில்லை. துன்பத்தின் முன் நம் தெருக்களும் அவ்வாறே பிரிவின்றி நிற்பதை இளைஞர்கள் மறவாதிருக்க வேண்டுகின்றோம்.

திருச்சபை எப்போதும் மோசேயின் பக்கமே நின்றதா? நின்றது என்று எழுதினால் நாம் பொய்யுரைத்தவர் ஆவோம். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயம், சாதியார் தனித்தனியே அமர நடுவே தடுப்புடன் கட்டப்பட்டது. அத்தடுப்பு அகற்றப்பட 1910 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நம் திருச்சிராப்பள்ளியிலேயே கல்லறைத் தோட்டத்திற்குள் சாதி பிரித்த சுவர் நெடுங்காலம் நின்றது. உயிர்த்தெழுதலை நம்புவோர் எந்தப் பக்கத்திலிருந்து எழுவதாய் எண்ணினரோ, நாம் அறியோம். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்கள் குறித்த கொள்கை அறிக்கையில் தீண்டாமை திருச்சபைக்குள்ளும் உண்டென்பதை ஒப்புக்கொண்டது. காலம் கடந்த ஒப்புதலே, எனினும் ஒப்புதல்.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்ள நம் மக்களுக்குக் கூறப்பட்ட அறிவுரை, சிலுவையைச் சுமந்து கொள்ளுங்கள் என்பது. இங்கே நாம் சற்று நின்று பார்த்தல் வேண்டும். சிலுவை வானத்திலிருந்து விழுந்ததன்று. உரோமை ஆட்சியாளர், தமக்கு அடங்காத அடிமைகளையும் கலகக்காரரையும் கொல்லப் பயன்படுத்திய மரம். அதில் தொங்கிய இயேசு வாய்மூடி மாளவில்லை. தம்மை ஏன் கைவிட்டீர் என்று கடவுளையே நோக்கிக் கதறினார் என மாற்கு எழுதியுள்ளார். அவர் கேட்ட 'ஏன்' என்னும் வினாவை நாம் கேட்டால் அவிசுவாசம் ஆகுமா? பிறர்க்காகத் தானே விரும்பி ஏற்கும் துன்பம் வேறு. பிறன் நம் தோளில் ஏற்றிவிட்ட சுமை வேறு. இரண்டாவதற்குச் சிலுவை என்று பெயரிடுவது சிலுவைக்கே இழுக்கு.

சட்டம் ஏற்றிய சுமையும் ஒன்றுண்டு. 1950 ஆகஸ்டு 10ஆம் நாளைய குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்து வந்த சூசை, அதே தொழில் செய்த மற்றவர்களுக்கு அரசு தந்த பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதால் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். மதம் மாறிய பின்னும் அதே கொடுமை தொடர்கின்றது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 1985இல் அவர் மனு தள்ளப்பட்டது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் இத்தடையை நீக்கப் பரிந்துரைத்தது. தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் இயற்றியது. செருப்புத் தைத்தவரிடம் சான்று கேட்டனர். அவர் அமர்ந்திருந்த சாலையோரத்தை எவரும் சென்று பார்த்ததாய்த் தெரியவில்லை.

இவ்வனுபவங்களிலிருந்து ஒரு புதிய சிந்தனை பிறந்தது. 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் ஆற்றிய உரையில் அரவிந்த் நிர்மல் தொடங்கி வைத்த எண்ணம், பின்னர்த் தலித் இறையியல் எனப் பெயர் பெற்றது. புறக்கணிக்கப்பட்டு, ஊருக்கு வெளியே கொல்லப்பட்ட இயேசுவே ஒரு தலித் என்றார் அவர். மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தியாபிலஸ் அப்பாவு, பறையிசையும் நாட்டுப்புறப் பாட்டும் கொண்டு இதனைச் சேரிகளுக்குக் கொண்டு வந்தார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் கூடி உண்பதே அவர் கண்ட நற்கருணை. துன்பம் ஏன் என்று கேட்பவனுக்கு, உன்னோடு உண்ண அமரும் கடவுளைக் காட்டுவது அவ்விறையியலின் வழி.

இத்தனை கூறிய பின்னும் விடை கிடையாத துன்பங்கள் உள. பாலம் கட்டியவன் மீதும் கூலி குறைத்தவன் மீதும் சாட்ட இயலாத நோய்கள், குழந்தையின் சாவு. பல ஆண்டுகட்கு முன் நம் தெருவில் ஓர் இளந்தாய் காய்ச்சலில் மகவை இழந்தாள். வந்தோரெல்லாம் ஒவ்வொரு விளக்கம் கூறினர். ஆண்டவருக்குப் பிடித்த பிள்ளை என்றார் ஒருவர். எல்லாம் நன்மைக்கே என்றார் மற்றொருவர். பள்ளியாசிரியர் என்ற உரிமையில் நாமும் ஏதோ கூறினோம். அவள் எவர் முகத்தையும் பார்க்கவில்லை.

யோபுவின் நண்பர்கள் மூவர் அவரைத் தேடி வந்து ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு சொல்லும் பேசாது தரையில் அவருடன் அமர்ந்திருந்ததாக அந்நூல் கூறுகின்றது. பிறகு வாய் திறந்து, நீ பாவம் செய்திருப்பாய் என்று விளக்கத் தொடங்கினர். முடிவில் கடவுளின் சினம் விழுந்தது அவ்விளக்கங்களின் மீதே. கேள்வி கேட்ட யோபுவின் மீதன்று.

அன்று இரவு பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருத்தி வந்தாள். மாரியம்மனைக் கும்பிடுபவள், விவிலியம் கேட்டறியாதவள். ஒன்றும் பேசவில்லை. அணைந்து கிடந்த அடுப்பை மூட்டிக் கஞ்சி வைத்தாள்; ஆற்றிக் கொடுத்தாள்; விடியும் வரை அத்தாயின் அருகே அமர்ந்திருந்தாள்.